டெக்சஸில் நான்கு மாதம், கையில் ஒரு காகிதம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி ஏழரை வருடம் ஆகிறது. திருச்சியில் முறைப்படி நடந்து, பதிவும் செய்த திருமணம். அப்புறம் நியூ ஜெர்சியில் குடியிருந்தோம். கணவருக்கு வேலை மாறியதால் நான்கு மாதத்துக்கு முன் டெக்சஸில் ஃபிரிஸ்கோவுக்கு வந்தோம். ஐந்து வயதில் மகள் இருக்கிறாள், இங்கே பிறந்தவள். அவர் ஹெச்-1பி வேலை விசாவில், நான் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். எனக்கு வேலை இல்லை. வந்த கொஞ்ச நாளிலேயே டைவர்ஸ் பேச்சு ஆரம்பித்துவிட்டது. போன வாரம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "கேஸ் போட்டாச்சு. டெக்சஸில் ஜீவனாம்சமே கிடையாது. இதில் கையெழுத்துப் போட்டால் செலவில்லாமல் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்" என்கிறார். அப்பாவோ, "பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு. கல்யாணம் இங்கேதானே நடந்தது, திருச்சி கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். யார் சொல்வது சரி? இங்கே வாங்கும் விவாகரத்து இந்தியாவில் செல்லுமா? ஒன்றிரண்டு தடவை கை நீட்டியும் இருக்கிறார், ஆனால் அதைப் பெரிதாக்க எனக்கு விருப்பமில்லை.
(ஃபிரிஸ்கோ வாசகி)

பதில்: சகோதரி, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பாப்பாவுக்கு டிக்கெட்டும் எடுக்காதீர்கள். இந்த இரண்டையும் நிறுத்தி வைத்தால் மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். உங்கள் கணவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அப்பா சொல்வதிலும் இருக்கிறது. விட்டுப்போனது எது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. நான் டெக்சஸில் குடும்ப வழக்குகள் நடத்துகிறவள். ஆனாலும் இதைப் பொதுவான விளக்கமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆவணங்களை நேரில் பார்க்கும் வக்கீல் சொல்வதே முடிவு.

கல்யாணம் எங்கே நடந்தது என்பதை அமெரிக்க நீதிமன்றங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. கணவனோ மனைவியோ இப்போது எங்கே வசிக்கிறார்கள், எத்தனை நாளாக வசிக்கிறார்கள் என்றுதான் பார்க்கும். விவாகரத்துக்கு இந்த நாட்டில் மத்தியச் சட்டம் கிடையாது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. நெவாடாவில் ஆறு வாரம் குடியிருந்தாலே மனு போடலாம். நியூ ஜெர்சியில் பொதுவாக ஒரு வருடம் வேண்டும். டெக்சஸில் இருவரில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும், மனு போடும் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 90 நாளும் குடியிருந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு மாதம்தான் ஆகிறது. கவுன்டிக்கான 90 நாள் தாண்டிவிட்டது, மாநிலத்துக்கான ஆறு மாதம் ஆகவில்லை. ஆக, அவர் உண்மையிலேயே மனு போட்டிருந்தாலும் அது காலத்துக்கு முந்தியது. இந்த நிபந்தனையைக் கணவனும் மனைவியும் பேசி விட்டுக்கொடுத்துவிட முடியாது, நீதிமன்றம் வழக்கை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். நியூ ஜெர்சிக்குத் திரும்பிப் போய்ப் போடலாமா என்றால், அங்கே இப்போது நீங்கள் இருவருமே குடியில்லை. மறுபடி போய் ஒரு வருடத்தை முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். அதற்குள் டெக்சஸ் வழக்கே முடிந்துவிடக்கூடும். இன்றைய தேதியில் எந்த மாநிலத்தாலும் உங்கள் திருமணத்தை முடித்துவைக்க முடியாது. இது இன்னும் இரண்டு மாதத்துக்குத்தான். அந்த இரண்டு மாதம் தயாராவதற்கு உங்களுக்குக் கிடைத்த நேரம்.

மனு போட்டாரா இல்லையா என்பதை அவரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஃபிரிஸ்கோ ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுன்டிகளில் பரவிக் கிடக்கிறது. உங்கள் வீடு எதில் வருகிறது என்று பார்த்துவிட்டு, அந்தக் கவுன்டியின் வழக்குப் பதிவேடு இருக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்தில் (காலினுக்கு மெக்கின்னி, டென்டனுக்கு டென்டன் நகரம்) அவர் பெயரையும் உங்கள் பெயரையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். இணையத்திலும் தேடலாம்.

அந்தக் காகிதத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது 'வெய்வர் ஆஃப் சர்வீஸ்' ஆகத்தான் இருக்க வேண்டும். "எனக்கு முறைப்படி சம்மன் வர வேண்டாம், மனுவின் நகல் கிடைத்துவிட்டது" என்று எதிர்மனுதாரர் எழுதிக்கொடுப்பது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். பல மாதிரிப் படிவங்களில் அதன் கீழேயே இன்னொரு வரி இருக்கும்: இனிமேல் எந்த விசாரணைக்கும் எனக்குத் தகவல் தர வேண்டாம், நான் இல்லாமலே தீர்ப்பு எழுதலாம். அதில் கையெழுத்து விழுந்தால் வீடு, சேமிப்பு, மகள் எல்லாவற்றையும் பற்றி அவர் தரப்பு எழுதிக் கொடுப்பதே தீர்ப்பாகிவிடலாம், உங்களுக்குத் தெரிவதற்குள். மனு தாக்கலான பிறகுதான் அதில் கையெழுத்திட வேண்டும், வழக்கில் வக்கீலாக இல்லாத ஒரு நோட்டரி முன்னால் இட வேண்டும் என்று டெக்சஸ் சட்டமே விதித்திருக்கிறது. சமையலறை மேடையில் வைத்துக் கையெழுத்து வாங்கும் காகிதம் அல்ல அது. "செலவில்லாமல் முடிக்கலாம், என் வக்கீலே இருவருக்கும் பார்ப்பார்" என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். ஒரு வக்கீல் இரண்டு பக்கத்துக்கும் நிற்க முடியாது, அவர் உங்கள் கணவரின் வக்கீல் மட்டும்தான்.

முறைப்படி சம்மன் வந்தால் பயப்படாதீர்கள், அலட்சியமாகவும் இருக்காதீர்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாள் முடிந்து அடுத்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் மனு தாக்கலாகி இருக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதினால்கூடப் போதும், "நான் இருக்கிறேன், எனக்கும் சொல்ல இருக்கிறது" என்று கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும். மனு தாக்கலாகி 60 நாள் ஆகாமல் விவாகரத்து தர முடியாது. இரண்டு மாதம் என்று அவர் சொன்னது இதைத்தான். அது குறைந்தபட்சக் காலம். சொத்தும் குழந்தையும் இருந்து இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு வருடம் இழுப்பதும் சாதாரணம். நடுவில் மீடியேஷன் (நடுநிலையாளர் முன் சமரசப் பேச்சு) என்று ஒரு நாள் உட்காரச் சொல்வார்கள், பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

ஜீவனாம்சம் பற்றி. இங்கேதான் மாநிலம் மாறியது உங்கள் பணத்தைத் தொடுகிறது. நியூ ஜெர்சியில் ஏழரை வருடத் திருமணத்துக்கு, வருமானமில்லாத மனைவி கிட்டத்தட்ட அதே அளவு காலத்துக்குக்கூட ஜீவனாம்சம் கேட்க முடியும். டெக்சஸ் கை இறுகிய மாநிலம். தீர்ப்புக்குப் பிறகான ஜீவனாம்சத்துக்குப் பொதுவாகப் பத்து வருடத் திருமணம் வேண்டும், அதோடு அடிப்படைத் தேவைக்கே சம்பாதிக்க முடியாத நிலையும் வேண்டும். கிடைத்தாலும் மாதம் 5,000 டாலர் அல்லது அவருடைய மொத்த மாத வருமானத்தில் 20 சதவீதம், இதில் எது குறைவோ அதுதான் உச்சம். இந்த அளவில் உங்கள் கணவர் சொன்னது சரி.

ஆனால் அவர் சொல்லாதது நிறைய. பத்து வருடம் ஆகாவிட்டாலும் விதிவிலக்கு உண்டு. உங்களுக்கோ, நீங்கள் பார்த்துக்கொள்ளும் குழந்தைக்கோ கடும் உடல், மனக் குறைபாடு இருந்தால் ஒன்று. மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள்ளோ வழக்கு நடக்கும்போதோ குடும்ப வன்முறை செய்து, அதற்காகக் கணவர் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டால் இன்னொன்று. வழக்கு நடக்கும் காலத்துக்கு இடைக்கால உதவித்தொகை கேட்கலாம், அதற்குப் பத்து வருடக் கணக்கு கிடையாது. உங்கள் வக்கீல் கட்டணத்தையும் அவரைக் கட்டச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்கலாம். கையில் காசில்லாததால் வக்கீலே வைக்க முடியாது என்று இருந்துவிடாதீர்கள், இந்த மனுவைப் போட்டுத்தான் பல பெண்கள் வழக்கு நடத்துகிறார்கள்.

இன்னொன்று, டெக்சஸ் 'கம்யூனிட்டி பிராப்பர்ட்டி' மாநிலம். இப்படி ஒன்பது மாநிலங்கள் இருக்கின்றன, கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும் அதில் சேர்த்தி. கல்யாணத்துக்குப் பிறகு யார் பெயரில் சம்பாதித்திருந்தாலும் அது இருவருக்கும் பொது என்பதே இதன் அடிப்படை. நியூ ஜெர்சியில் இருந்த வருடங்களில் சேர்ந்ததையும் டெக்சஸ் கோர்ட் இதே கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும். அவருடைய 401கே (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு), கம்பெனி கொடுத்த பங்குகள், இங்கிருந்து அனுப்பிய பணத்தில் சென்னையில் வாங்கிய ஃபிளாட் ஏதாவது இருந்தால் அது, எல்லாம் பட்டியலில் வரும். சென்னைப் பத்திரத்தை டெக்சஸ் நீதிபதியால் மாற்றி எழுத முடியாது. ஆனால் அதன் மதிப்பைக் கணக்கில் வைத்து இங்கிருக்கும் பணத்தில் உங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க முடியும். கலிஃபோர்னியாவில் சரிபாதி, டெக்சஸில் 'நியாயமும் சரியும்' என்று நீதிபதிக்குத் தோன்றுகிற பங்கு. சம்பாதிக்கும் திறனில் உள்ள வித்தியாசம், குழந்தை யாரிடம் இருக்கிறது, யார் பக்கம் தவறு என்றெல்லாம் பார்த்து ஒருவருக்குப் பாதிக்கு மேலும் தரலாம். ஜீவனாம்சத்தில் இறுக்கிப் பிடிக்கிற மாநிலத்தில் உங்கள் வக்கீல் மோத வேண்டிய இடம் இந்தச் சொத்துப் பங்கீடுதான்.

உங்கள் வீட்டில் போட்ட நகையும், உங்களுக்கென்று வந்த பரிசுகளும் உங்கள் தனிச்சொத்து, பங்குக்கு வராது. நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையது, அதுவும் சாதாரண நிரூபணம் போதாது, தெளிவான, நம்பத்தகுந்த சான்று கேட்பார்கள்.

குழந்தைக்கான தொகை இதிலிருந்து தனி. மகள் பெரும்பாலும் உங்களிடம் இருந்தால், ஒரு குழந்தைக்கு அவருடைய நிகர வருமானத்தில் 20 சதவீதம் என்பது வழிகாட்டு விதி, கணக்கில் எடுக்கும் வருமானத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 18 வயது வரை அல்லது ஹைஸ்கூல் முடியும் வரை, எது பிந்தியதோ அதுவரை. அவர் கம்பெனியே சம்பளத்தில் பிடித்து மாநில அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். இதை நினைவில் வைத்துக்கொண்டு, அப்பா சொன்ன வழியைப் பார்ப்போம்.

திருச்சியில் வழக்குப் போட முடியுமா? முடியும். இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, திருமணம் நடந்த ஊரின் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்பா தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் திருச்சி குடும்ப நல நீதிமன்றம் மாதாமாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவு போட்டால், டல்லாஸில் இருக்கும் கம்பெனி அதைப் பார்த்துச் சம்பளத்தைப் பிடிக்காது. அவர் இந்தியா வரும்போது பிடிக்கலாம் என்று காத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. நீங்கள் ஊருக்குப் போய்விட்டாலும் இங்குள்ள வழக்கு நிற்காது. கணவன் மனைவியாகக் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது டெக்சஸ் என்பதால், பிரிந்து இரண்டு வருடத்துக்குள் அவர் மனு போட்டால் உங்களை இந்தக் கோர்ட்டின் அதிகாரத்துக்குள் இழுக்க முடியும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு டெக்சஸ் வழக்கில் தோற்கிற நிலை வரும். போனால் திரும்ப முடியுமா என்பதும் பெரிய கேள்வி. ஹெச்-4 விசாவை அமெரிக்கத் தூதரகத்தில் மறுபடி ஸ்டாம்பிங் செய்ய வேண்டியிருந்தால் அவருடைய ஆவணங்கள் வேண்டும், அவர் தரமாட்டேன் என்றால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். "ஒரு மாசம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா" என்று கணவரே டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பின்னாலேயே இங்கே மனு போட்ட கதைகள் நம் சமூகத்தில் புதிதல்ல.

பாப்பாவோடு கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. குழந்தை விஷயத்தில் வேறு கணக்கு: மனு போடுவதற்கு முன் தொடர்ந்து ஆறு மாதம் அவள் எங்கே வாழ்ந்தாளோ அந்த மாநிலத்துக்கே முதல் உரிமை. அப்படி ஒரு மாநிலம் இன்றைக்கு அவளுக்கு இல்லை. அதனால் குழந்தைக்கும் பெற்றோருக்கும் நெருங்கிய தொடர்பு எங்கே என்று கோர்ட் பார்க்கும். பள்ளிக்கூடம், டாக்டர், அப்பா எல்லாம் டெக்சஸில். நீங்கள் அவளை அழைத்துக்கொண்டு போனால் அவர் மறுநாளே அவசர மனுவோடு போவார். மற்றவரின் பெற்றோர் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோவது 1993 முதல் அமெரிக்காவில் மத்தியக் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. வன்முறையிலிருந்து தப்பி ஓடியவருக்கு அந்தச் சட்டத்திலேயே தற்காப்பு உண்டு. ஆனால் அதை வழக்கு வந்த பிறகு நீங்கள்தான் நிரூபித்தாக வேண்டும்.

குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அதனால் அங்கே போய்விட்டால் திருப்பி வாங்க முடியாது என்று உறவினர் யாராவது தைரியம் சொல்வார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கிலும் குழந்தையின் நலனைத்தான் பார்க்கிறது. 2017இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்றது, 2022இல் வசுதா சேத்தி வழக்கில் அமெரிக்காவுக்கு அனுப்பச் சொன்னது. அதை நம்பி டிக்கெட் எடுப்பது சூதாட்டம். இந்தியா அந்த உடன்படிக்கையில் இல்லை என்பதே இங்குள்ள நீதிபதிக்கு உங்கள் மேல் சந்தேகம் வரக் காரணமாகும். பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லலாம், வெளிநாட்டுப் பயணத்துக்குக் கட்டுப்பாடு போடலாம். காலின், டென்டன் இரண்டு கவுன்டிகளிலும் விவாகரத்து வழக்குகளுக்கு நிலையான உத்தரவு ஒன்று உண்டு: குழந்தையின் வசிப்பிடத்தை மாற்ற மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, வங்கிக் கணக்கைக் காலி செய்யக் கூடாது, இன்சூரன்ஸை நிறுத்தக் கூடாது. மனு போட்டவரை அது உடனே கட்டும், உங்களுக்குச் சம்மன் கிடைத்ததும் உங்களையும் கட்டும்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பெரிதாக்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் எதையெல்லாம் இழக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வன்முறை நடந்திருக்கிறது என்றால் கஸ்டடியில் பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு என்ற அனுமானமே ஆட்டம் காணும். பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அதற்குக் கட்டணம் வாங்க மாட்டார்கள். விசாவிலும் இது கணக்கில் வரும். நீதிபதி தீர்ப்பில் கையெழுத்திடும் நாள் வரை உங்கள் ஹெச்-4 இருக்கும், அன்றோடு முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசையில் அவர் மூலமாக நிற்கும் இடமும் போகும். அதற்கு முன்பே மாணவர் விசாவுக்கோ வேறொன்றுக்கோ மாற மனு போட்டிருக்க வேண்டும். ஹெச்-1பி கணவரால் கொடுமைக்கு ஆளான ஹெச்-4 மனைவிக்குத் தனியாக வேலை அனுமதி தரச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஐ-765வி என்ற படிவம். குடும்ப வக்கீல்கள் பலருக்கே இது தெரியாது, குடியேற்ற வக்கீலிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டல்லாஸ் பகுதியில் தெற்காசியப் பெண்களுக்காகச் சேத்னா என்ற அமைப்பு இருக்கிறது. தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, எந்த நேரமும் கூப்பிடலாம். வருமானம் இல்லாதவர்களுக்கு லீகல் எய்ட் ஆஃப் நார்த்வெஸ்ட் டெக்சஸ் உதவும்.

இந்தியாவில் செல்லுமா என்ற கேள்விக்கு 1991ஆம் வருடத்து நரசிம்ம ராவ் வழக்குதான் இன்றும் பதில். திருப்பதியில் நடந்த கல்யாணம். கணவர் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் குறுகிய காலம் குடியிருந்ததைக் காட்டி, உறவு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று விவாகரத்து வாங்கினார், வேறு கல்யாணமும் செய்துகொண்டார். மனைவி இருதார வழக்குப் போட்டார். மிசௌரித் தீர்ப்பை ஏற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காக, அந்தச் சட்டம் அதிகாரம் தரும் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் செல்லும். இதற்கு விதிவிலக்குகளும் சொன்னது. அதில் முக்கியமானவை இரண்டு: எதிர்த்தரப்பு தானாக முன்வந்து வழக்காடி, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள காரணத்தின் பேரில் தீர்ப்பு வந்திருந்தால் செல்லும். எதிர்த்தரப்பு சம்மதித்திருந்தாலும் செல்லும்.

டெக்சஸில் வழக்கமாகப் போடும் காரணம் 'ஒத்துப்போகவில்லை' என்பது. இந்து திருமணச் சட்டத்தில் அந்தக் காரணம் இல்லை. நீங்கள் வராமலே அப்படி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டால் இந்தியாவில் நீங்கள் அதை எதிர்க்கலாம். ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட காகிதம் அவர் கையில் இருந்தால், "சம்மதித்தாள், பாருங்கள்" என்று அங்கேயும் காட்டுவார். போடாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னதற்கு இதுவும் காரணம். கொடுமை என்ற காரணம் இரண்டு சட்டத்திலும் இருக்கிறது, வழக்காடி அந்தக் காரணத்தில் வாங்கினால் இரண்டு நாட்டிலும் நிற்க வாய்ப்பு அதிகம். கடைசியில் நல்லபடியாகப் பேசி முடிந்தால், இங்கே ஒப்புக்கொண்ட தீர்ப்பை வாங்கிவிட்டு, ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகு திருச்சியில் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனுவும் போட்டுவிடுங்கள். கட்டாயமில்லை, ஆனால் நாளைக்கு மறுமணமோ சொத்தோ வரும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதிலுள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது.

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ், நகைக்கடை பில்கள், நகை தெரிகிற கல்யாண ஆல்பப் பக்கங்கள், உங்களுக்கென்று அப்பா வங்கியில் போட்ட பணத்தின் ரசீதுகள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பட்டும். இந்தப் பக்கம் நீங்கள் வரிக் கணக்கு, கணவருடைய சம்பளச் சீட்டு, ஐ-797 (விசா மனு ஏற்கப்பட்ட அறிவிப்பு) நகல், 401கே அறிக்கை, வீட்டு வாடகை ஒப்பந்தம், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடியேறிய தேதி வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும், ஆறு மாதக் கணக்குக்கு அதுதான் சான்று. அனுப்புவதும் சேமிப்பதும் கணவருக்குப் பாஸ்வேர்டு தெரியாத புது மின்னஞ்சலில் இருக்கட்டும்.